தீர்மான நோட்டும் காற்று நோட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது. மலருக்காக எழுதிக் கேட்டார்கள். பேசியபடியே எழுதி, அங்கங்கே சரி செய்து தந்திருக்கிறேன்.)



என்னைப் பேசக் கூப்பிட வந்தபோது செயலாளர் அக்கா சொன்னார்: "டீச்சர், பிள்ளைங்களும் சுற்றுச்சூழலும்னு தலைப்பு. மரம் நடுறது, பிளாஸ்டிக் ஒழிப்பு, அந்த மாதிரி பேசுங்க." மரம் நடுறது நல்லதுதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா முப்பது வருஷம் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். இன்னைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

2024 அக்டோபர் 25 உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் திடீரென்று தொண்டை எரிச்சல், வாந்தி, மயக்கம். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதிகாரிகள் வந்தார்கள், பேரிடர் மீட்புப் படை வந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வண்டி வந்து காற்றைச் சோதித்தது. பத்து நாள் கழித்து, நவம்பர் 4ஆம் தேதி பள்ளி திறந்தபோது மறுபடியும் சில பிள்ளைகளுக்கு மயக்கம். எந்த வாயு, எங்கிருந்து வந்தது என்று பெற்றவர்கள் கேட்டார்கள். நம்மை உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்லும் பதில் வரவில்லை.

அதற்கு முந்தைய வருஷம் டிசம்பர் மாதம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு போட்டதே, அதே மாதம். 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது கடலுக்கு அடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். பிற்பாடு வாரியமே சொன்னது: ஒரு கன மீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய அம்மோனியா, தொழிற்சாலை வாசலில் 2090 இருந்தது என்று.

இந்த இரண்டு சம்பவத்துக்கும் பிறகு நான் தெரிந்த வீடுகளில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "முதல்ல வாடை வந்தப்போ மணி என்ன?" ஒருத்தி பதினொன்று என்றாள். அவள் வீட்டுக்காரர் பன்னிரண்டரை என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டி, "அது ரெண்டு நாளாவே லேசா வந்துட்டுத்தான் இருந்துச்சு" என்றார். யார் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் யாரும் எழுதி வைக்கவில்லை.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. எழுதி வைப்பது என்றால் என்ன என்று நம்ம ஊரில் யாருக்காவது தெரியும் என்றால் அது உங்களுக்குத்தான். 1989ல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கியதிலிருந்து இன்று வரை, பஞ்ச சூத்திரம் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், சரியான திருப்பம், அப்புறம் சரியான நோட்டு. கூட்டத்துக்கு வராதவங்க பேரையும் எழுதுறோம். சேமிப்புக் கட்டாத வாரத்தில் கோடு போட்டு விடுறோமே தவிர பக்கத்தைக் கிழிக்கிறதில்லை. பேங்க் மேனேஜர் நம்மை நம்பிக் கடன் கொடுத்தது நம்ம முகத்தைப் பார்த்து இல்லம்மா, நோட்டைப் பார்த்துத்தான்.

காற்றுக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். அதை நம்ம எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் எழுதலாம். எழுத முடியும். இதை ஆசையில் சொல்லவில்லை, அடிபட்டுக் கற்றுக்கொண்டு சொல்கிறேன்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று ஒன்று 1993லிருந்து நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தாங்களே விசாரித்து, தங்கள் மொழியிலேயே அறிக்கை எழுதிக் கொண்டு வர வேண்டும். நம்ம மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை நடத்துகிறது. பல வருஷத்துக்கு முன்னால், ஒரு குழுவுக்கு ஐந்து பிள்ளைகள் என்று இருந்த காலத்தில், ஒன்பதாவது படித்த ஐந்து பெண் பிள்ளைகளை அதற்குத் தயார் செய்தேன். தலைப்பு "எங்கள் தெருவில் மூச்சுத் திணறல்." பிள்ளைகள் வீடு வீடாகப் போனார்கள். கேட்ட கேள்வி: "கம்பெனி புகையால உங்க வீட்ல யாருக்காவது மூச்சுத் தொந்தரவு இருக்கா?" எல்லா வீட்டிலும் "ஆமா" என்றுதான் பதில். எங்களுக்கு ஒரே சந்தோஷம். சார்ட்டில் சிவப்பு மையில் பெரிசாக எழுதிக்கொண்டு போனோம்.

மாவட்ட அளவில் ஒரு வயதான பேராசிரியர் நடுவராக இருந்தார். சத்தம் போடவே இல்லை. மெதுவாகக் கேட்டார். "அந்த வீடுகள்ல கொசுவர்த்தி கொளுத்துறாங்களா? பீடி குடிக்கிறவங்க இருக்காங்களா? விறகு அடுப்பா, கேஸா? கேட்டீங்களா?" கேட்கலை. "கம்பெனிக்கு ரொம்ப தூரத்துல இருக்கிற ஒரு தெருவுல போய் இதே கேள்வியைக் கேட்டீங்களா?" கேட்கலை. "கம்பெனி புகையாலன்னு நீங்களே கேள்விக்குள்ள பதிலை வச்சுட்டீங்களே, பாப்பா?" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை. தப்பு அந்தப் பிள்ளைகளுடையது இல்லை, நான் சொல்லிக் கொடுத்தது.

அடுத்த வருஷம் மறுபடி செய்தோம். இந்த முறை "கம்பெனி" என்ற வார்த்தையே கேள்வியில் இல்லை. "நேத்து ராத்திரி வீட்ல யாராவது இருமினாங்களா? எத்தனை தடவை தூக்கம் கெட்டுச்சு?" அவ்வளவுதான். அப்புறம் அடுப்பு, பீடி, கொசுவர்த்தி, ஈரச் சுவர், ஜன்னல் எந்தப் பக்கம், ரோடு எவ்வளவு தூரம். இரண்டு தெருவில் கேட்டோம், ஒன்று ஆலைப் பக்கம், இன்னொன்று தள்ளி. வந்த பதில் நாங்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. ஆலைப் பக்கத் தெருவில் இருமல் இருந்தது உண்மை. ஆனால் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் ரோட்டோரத்து வீடுகளிலும் அதே அளவுக்கு இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ராத்திரி முழுக்கக் கொசுவர்த்தி கொளுத்தும் வீடுகளிலும் இருந்தது. போன வருஷம் அழுத பிள்ளை என்னிடம் வந்து, "டீச்சர், எங்க வீட்டுக் கொசுவர்த்தியையும் எழுதணுமா?" என்று கேட்டாள். எழுதணும்டி என்றேன். எழுதினாள். அப்படி எழுதினதால்தான் மற்றதை நம்பினார்கள்.

அப்போ கம்பெனிகளுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கிறீங்களா என்று ஒரு அக்கா முறைக்கிறார். இல்லைக்கா. நாளைக்கு நம்ம நோட்டைக் கொண்டுபோய் ஒரு மேஜையில் வைக்கும்போது, எதிரில் உட்கார்ந்திருக்கிற படித்த மனுஷன் முதலில் கேட்கப் போவது அந்தக் கொசுவர்த்திக் கேள்வியைத்தான். அதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

சரி, அரசாங்கம் அளக்கவில்லையா என்று கேட்பீர்கள். அளக்கிறது. மணலி, கொடுங்கையூர், ராயபுரத்தில் ராத்திரி பகல் ஓடும் கருவிகள் இருக்கின்றன. கத்திவாக்கம், திருவொற்றியூரில் ஆள் வந்து வடிதாள் மாற்றும் பழைய முறை நிலையங்கள். அந்த முறையில் வாரத்துக்கு 2 நாள், வருஷத்துக்கு 104 நாள் அளப்பார்கள். மற்ற நாட்களில் வந்த வாடை எந்தக் கணக்கிலும் இல்லை. இன்னொன்றையும் கவனிங்க. காற்றுக்கான அளவுகோல் பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. ஒரு நாளில் 48 அரை மணி. நம்ம தெருவில் வாயு வந்து குழந்தை வாந்தி எடுத்தது அதில் ஒரே ஒரு அரை மணியில் என்றால், மீதி 47 அரை மணியோடு சேர்த்துக் கலக்கும்போது அது காணாமல் போகும். குழுவில் ஒருத்தி ஆறு மாசம் தவணை கட்டவில்லை, மற்ற பத்தொன்பது பேர் ஒழுங்காகக் கட்டினார்கள், சராசரி நல்லாத்தான் இருக்கு என்று பொருளாளர் சொன்னால் நீங்கள் விடுவீர்களா? யார், எந்த மாசம் என்று கேட்பீர்கள் இல்லையா? பிள்ளைகளின் நோட்டு அந்த அரை மணியைப் பிடிக்கத்தான்.

அளவுகோல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும் தூசி. மூக்குமுடியில் நிற்காது, நுரையீரலின் அடி வரைக்கும் போகும். நம்ம நாட்டில் 24 மணி நேரத்துக்கு 60 வரை போகலாம் என்று விதி. உலக சுகாதார நிறுவனம் 2021ல் 15 என்று சொல்லிவிட்டது. ஆக, நம்ம ஊர்க் கருவி "திருப்தி" என்று பச்சையில் காட்டும் நாளும் குழந்தைக்குத் திருப்தியான நாள் என்று அர்த்தமில்லை. இதைப் பத்தாவது படிக்கிற பிள்ளைக்குச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொள்கிறாள். நமக்குத்தான் நேரமாகிறது.

முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு ராயபுரத்துக்காரர்களே சாட்சி. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறங்கிய காலத்தில் மொட்டை மாடியில் காயும் வெள்ளைத் துணியின் கதி உங்களுக்குத் தெரியும். 2011ல் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னது. அந்த வருஷம் அக்டோபரிலிருந்து நின்றது. ராயபுரத்துக்கு நல்ல காலம். கரி எங்கே போனது? வடக்கே, எண்ணூர்த் துறைமுகத்துக்கு. ராயபுரத்து அக்கா நிம்மதியா மூச்சு விட்டப்போ எர்ணாவூர்த் தங்கச்சி வீட்டுக்கு என்ன வந்தது? 2010ல் எர்ணாவூரில் பத்துப் பிள்ளைகள் தினமும் இருமலையும் தூசியையும் எழுதி வைத்திருந்தால், 2012ல் அதே பிள்ளைகள் எழுதியதோடு வைத்துப் பார்த்திருக்கலாம். முன்னே, பின்னே என்று நம்ம கையிலேயே கணக்கு இருந்திருக்கும். இப்போ இருப்பது ஞாபகம் மட்டும்.

இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்களா? நம்ம மாநிலத்திலேயே இருக்கிறார்கள். கடலூர் சிப்காட்டைச் சுற்றி இருக்கும் கிராமத்து ஜனங்கள் 2004ல் வாளியில் காற்றைப் பிடித்தார்கள். சிரிக்காதீங்க, நிஜம். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு விசேஷப் பை, காற்றை இழுக்க ஒரு சின்னப் பம்ப். அமெரிக்காவில் எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் பயன்படுத்திய முறை அது. வாடை வரும்போது ஓடிப்போய்ப் பையில் பிடித்து, மூடி, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். 22 வகை ரசாயனங்கள் இருந்தன, அதில் 8 புற்றுநோய் தரக்கூடியவை. ஆனால் வாளியை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கூடவே அவர்கள் எழுதிய நாட்குறிப்பு. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், காற்று எந்தத் திசை, வாடை எதைப் போல. எந்த நேரத்தில் வாளியை எடுத்துக்கொண்டு ஓடணும் என்று சொன்னது அந்தக் குறிப்புதான்.

பள்ளிப் பிள்ளைகளே செய்த ஆராய்ச்சி என்றால் தூர தேசத்துக் கதை ஒன்று. கலிபோர்னியாவில் சலினாஸ் என்று ஓர் ஊர். பண்ணைக் கூலி வேலைக்கு மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 2013ல் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். விஷயம் என்ன தெரியுமா? பவுடர், கிரீம், ஷாம்பு, லிப்ஸ்டிக். 100 டீனேஜ் பெண் பிள்ளைகள் மூன்று நாள் தங்கள் வழக்கமான சாமான்களை விட்டுவிட்டு, சில ரசாயனங்கள் இல்லாதது என்று லேபிள் போட்டவற்றை மட்டும் பயன்படுத்தினார்கள். முன்னும் பின்னும் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். பாராபென் என்ற ரசாயனம் மூன்றே நாளில் ஏறக்குறைய 44 சதவீதம் குறைந்திருந்தது. 2016ல் அறிவியல் பத்திரிகையில் வந்தது. எனக்கு இதில் பிடித்தது சதவீதம் இல்லை. என்ன கேள்வி கேட்கலாம், எந்தச் சாமானைப் பிள்ளைகள் நிஜமாகப் பூசுகிறார்கள் என்பதையெல்லாம் திட்டம் போடும்போதே அந்த ஊர்ப் பிள்ளைகள் கூட உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் எடுபிடிகளாக இல்லை.

நம்ம ஊரில் பெரும்பாலும் எடுபிடி வேலைதான் நடக்கிறது. ஒரு கல்லூரியிலிருந்து வருவார்கள், நம்ம பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நூறு படிவம் நிரப்புவார்கள், ஒரு போட்டோ எடுப்பார்கள், பிஸ்கெட் கொடுப்பார்கள். அறிக்கை எங்கே போனது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, படிவம் நிரப்பின வீட்டுக்கும் தெரியாது. இனிமேல் அப்படி யாராவது வந்தால் முதலில் கேளுங்க: "முடிவை எங்க கூட்டத்துல வந்து தமிழ்ல சொல்வீங்களா?" சொல்வோம் என்று தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டால் மேலே பேசலாம்.

இப்போ நோட்டுக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, மணி. காற்று எந்தப் பக்கத்திலிருந்து. வாடை இருக்கா, இல்லையா, இருந்தால் எதைப் போல. உடம்புக்கு என்ன. எவ்வளவு நேரம் இருந்தது. இதற்கு மேல் வேண்டாம். அதிகம் கேட்டால் மூணாவது நாள் நிறுத்திடுவாங்க, பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

காற்றுத் திசைக்குக் கருவி வேண்டாம். ஒரு குச்சியில் பழைய துப்பட்டா நாடாவைக் கட்டினால் போதும். கடலோரத்துக்கு ஒரு குணம் இருக்கு: பகலில் நிலம் சுட்டதும் கடல்காற்று கிழக்கே இருந்து உள்ளே வரும். ராத்திரி நிலம் குளிர்ந்ததும் கரைக்காற்று மேற்கே இருந்து கடலுக்குப் போகும். மணலி நமக்கு மேற்கே. திருவொற்றியூரில் ஏன் ராத்திரியிலும் விடியக்காலையிலும் வாடை அதிகம் என்று பிள்ளைகளை இரண்டு மாசம் எழுத விட்டுப் பாருங்க, நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே சொல்வார்கள். வீட்டில் கடலுக்குப் போன தாத்தா இருந்தால் கேட்கச் சொல்லுங்க. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்களும் அது வரும் மாசமும் என் பாடப் புத்தகத்தில் இல்லாத விஷயம். ஒரு பிள்ளை தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்ததை வைத்து நான் ஒரு வகுப்பே நடத்தியிருக்கிறேன்.

வாடைக்கு நம்ம சமையலறை வார்த்தையே போதும். அழுகின முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். கண் எரிய, மூத்திரவாடை மாதிரி குத்தினால் அம்மோனியாவாக இருக்கலாம். கேஸ் சிலிண்டர் வாடை, பெட்ரோல் வாடை, பிளாஸ்டிக் எரியும் வாடை. "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன், மூக்கை வைத்து ரசாயனப் பெயர் எழுதக் கூடாது. "முட்டை" என்றே எழுதட்டும். மூக்கை முழுசாக நம்பவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. அந்த முட்டை வாடை வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடை நின்ற மாதிரி தோன்றும், ஆபத்து அப்போதுதான். அதனால் முதல் விதி: கண் எரிந்தால், தலை சுற்றினால் நோட்டைப் போட்டுவிட்டு ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகிப் போகணும். எழுதுவது அப்புறம்.

இரண்டாவது விதி எனக்கு ரொம்ப முக்கியம். வாடை இல்லாத நாளும் எழுதணும். "இன்று வாடை இல்லை." பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. "ஒண்ணுமே இல்லையே டீச்சர், எதை எழுத?" என்பார்கள். வாடை வந்த நாளை மட்டும் எழுதினால் அது புகார் மனு. வராத நாளையும் எழுதினால்தான் அது கணக்கு. கூட்டத்துக்கு வராதவர் பெயரை நீங்கள் எழுதுகிற மாதிரி.

இங்கேதான் அம்மாக்கள் தேவைப்படுகிறீர்கள். வாடை வரும் நேரம் ராத்திரி ஒரு மணி, விடியக்காலை நாலு மணி. அந்த நேரத்தில் பிள்ளை தூங்கணும். எழுப்பக் கூடாது, வெளியே அனுப்பவே கூடாது, அதுவும் பெண் பிள்ளையை. அந்த நேரத்தில் தண்ணி பிடிக்க, மார்க்கெட்டுக்குக் கிளம்ப, இட்லிக்கு அடுப்பு பற்றவைக்க எழுந்திருப்பது யார்? நீங்கள்தான். காலண்டர் தாளில் மணியை மட்டும் கிறுக்கி வையுங்க. காலையில் பிள்ளை அதைப் பார்த்து நோட்டில் ஏற்றும். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த அக்காவும் இந்த ஆராய்ச்சியில் பாதி ஆள்.

பிள்ளைகளை இதில் இறக்கலாமா என்று பயப்படுகிறவர்கள் இருப்பீர்கள். எனக்கும் பயம் உண்டு. 2017 ஜனவரி 28ல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூர்க் கரையில் பார்த்தோமே. மீனவர்களும் மாணவர்களும் வாளியிலும் மக்கிலும் அந்தக் கரிய சேற்றை அள்ளினார்கள். எத்தனை பேருக்குச் சரியான கையுறையும் முகமூடியும் இருந்தது? நல்ல மனசு நுரையீரலைக் காப்பாற்றாது. அதனால் ஓடையில் இறங்கித் தண்ணீர் எடுப்பது, சாம்பல் குழாய்ப் பக்கம் போவது, கழிவு வாய்க்காலில் கை வைப்பது எதுவும் பிள்ளைகளின் வேலை இல்லை. அவர்கள் வேலை வீட்டிலும் பள்ளியிலும் இருந்தபடி பார்ப்பது, கேட்பது, எழுதுவது, கூட்டிக் கழிப்பது.

இன்னொரு பயம் வேறு மாதிரி. நான் சொன்ன இரண்டாம் வருஷ ஆய்வின்போது ஒரு பிள்ளையின் அப்பா பள்ளிக்கு வந்தார். இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. கோபமாக வரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "டீச்சர், என் பொண்ணு பேரு இதுல வந்தா நாளைக்கு என்னை கேட்ல நிறுத்திடுவாங்க. அவ நல்லதுதான் செய்றா. ஆனா அரிசி வாங்கணுமே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பெயரை அறிக்கையிலிருந்து எடுத்தோம். அவள் எழுதின பக்கங்கள் இருந்தன, பெயர் இல்லை. மேடையில் மற்ற நாலு பேருக்குச் சான்றிதழ் கொடுத்தபோது அவள் கீழே உட்கார்ந்து கை தட்டினாள். இது என் மனசை விட்டுப் போகவில்லை. அன்றைக்கே நோட்டில் பெயருக்குப் பதில் எண் போட்டிருந்தால் ஐந்து பேரும் சமமாக இருந்திருப்பார்கள்.

ஆகவே நோட்டில் பெயர் கிடையாது, வீட்டு எண் கிடையாது, ஒரு குறியீட்டு எண் மட்டும். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் கூட்டமைப்புப் பொறுப்பாளர் ஒருவரிடம், பேரேடு வைக்கிற அதே பெட்டியில், அதே பூட்டில். யாருக்கு ஆஸ்துமா, யாருக்குக் கரு கலைந்தது, எந்தப் பெண் பிள்ளைக்கு என்ன தொந்தரவு என்பதெல்லாம் தெருவில் பேசும் விஷயம் இல்லை. கல்யாணப் பேச்சு கெட்டுப் போகும் என்று நீங்கள் பயப்படுவது நியாயம். பிள்ளையும் சம்மதிக்கணும், பெற்றவரும் சம்மதிக்கணும். நடுவில் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காமல் விட்டுவிடணும்.

எழுதின நோட்டை வைத்து என்ன செய்வது? மாசம் ஒரு முறை குழுக் கூட்டத்தில் பிள்ளைகள் வந்து பத்து நிமிஷம் வாசிக்கட்டும். நம்ம போனில் மத்திய வாரியத்தின் "சமீர்" செயலி இருக்கு. பக்கத்து நிலையத்தில் அன்றைக்கு என்ன எண் என்று பிள்ளைகள் எடுத்து நோட்டுப் பக்கத்தில் எழுதலாம். அதில் இல்லாத விவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபாய் கட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் தரணும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீங்க, தேதியோடு நோட்டில் ஒட்டுங்க. ஒரு வருஷ நோட்டு இருபது வீட்டில் சேர்ந்தால், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் போகும்போது "நாத்தமா இருக்குங்க சார்" என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நாள், எந்த மணியில், எந்தக் காற்றில் என்று சொல்லலாம். உடனே ஆலையை மூடிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. "எழுதி என்ன டீச்சர் ஆகும்?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது நான் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: தெரியாதும்மா. ஆனா அடுத்த தடவை மணி என்னன்னு கேட்டா நமக்குத் தெரியும்.

பேச்சு நீண்டுவிட்டது, சாம்பார் ஆறிக்கொண்டிருக்கிறது. வாசல் பக்கத்து மேஜையில் நோட்டுகளை வைத்திருக்கிறேன். குழுவுக்கு இரண்டு. எட்டாவதுக்கு மேல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்க. பட்டியல் வைத்திருக்கும் அக்கா அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் எண் வாங்கிக்கொண்டு போங்க. முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டாம். இன்றைய தேதியிலிருந்தே தொடங்கலாம். மண்டபத்துக்கு வெளியே இப்போ காற்று கிழக்கே இருந்து வருது, வாடை இல்லை. வரும்போது பார்த்தேன்.